மூன்றாம் மாடியில் வந்தவாசி

எட்டடிக்கு ஆறடி.
நாடா வைத்து இருமுறை அளந்தது
கூடத்தைத்தான்.
மாடிப்படி திரும்பும் இடத்தை
யாரும் அளக்கவில்லை.

சனிக்கிழமை காலை
பெரம்பூர்க் கடையிலிருந்து
மீன்பாடி வண்டியில் வந்திறங்கிய ஒட்டுப்பலகை
இரண்டாம் மாடி வளைவில்
சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே
கோணலாய்ச் செருகி நின்றது.
மேலே இருப்பவர் இறங்க முடியாது.
கீழே இருப்பவர் ஏற முடியாது.
முற்றுகை என்று
பதினான்கு ஆண்டுகளாய் விதிப்புத்தகத்தில் படித்தது
அன்றைக்குத்தான் விளங்கிற்று.

கடைசியில் ரம்பம்.
டெரன்ஸ் அறுத்தான்; ரயில் பெட்டித் தொழிற்சாலைக் கை,
கோடு பிசகவில்லை.
மூன்று துண்டாகி மேலேறியது வந்தவாசி.
சேர்த்து வைத்தால் நடுவில் விரற்கடை இடைவெளி.
"ஓடைன்னு வெச்சுக்கலாம்."
வரைபடத்தில் அங்கே ஓடை கிடையாது.
வெச்சுக்கலாம் என்றேன்.

முட்டுக்கொடுக்கச் சாப்பாட்டு மேசை,
தையல் மிஷின், கொலுப்பலகை இரண்டு,
வடகிழக்கு மூலை குட்டையாய்ப் போனதற்கு
என் கணவரின் வருமான வரிக் கோப்புகள்,
2009 முதல் 2013 வரை.
தரை வேறு குளியலறைப் பக்கம் சாய்வு.
தண்ணீர் ஓடக் கொத்தனார் கொடுத்த சாய்வைப்
பகடையும் மதித்தது.

மின்விசிறி போட்டால்
காகிதக் கொடிகள் பறந்தன.
நிறுத்தினால் மே மாதம்.
ஒன்றாம் எண்ணில் வைத்தோம்:
கொடி சாயவில்லை, காற்றும் வரவில்லை.
ஹபீபுல்லாவின் புருவத்திலிருந்து ஒரு சொட்டு
மராட்டியக் குதிரைப்படை மேல் விழுந்தது.

வியாழன் இரவே
சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் நாற்பது பேருக்கு
வார்னிஷ் பூசி வைத்திருந்தேன்.
நான்கு மணி நேரத்தில் உலரும் என்றது டப்பா.
எந்த ஊரில் அடைத்த டப்பாவோ.
ஞாயிறு மதியமும்
தொட்டால் ஒட்டினார்கள்.

எதிர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்.
"கொலுவா? வைகாசியிலயா?"
"இல்லைங்க, போர்."
"யாரு ஜெயிப்பா?"
"அப்போ இங்கிலீஷ்காரன் ஜெயிச்சான்."
"தெரிஞ்சுமா மறுபடி?"
பதில் யோசிப்பதற்குள்
அவர் வீட்டுக் குக்கர் மூன்றாவது முறை கத்தியது.

பிரெஞ்சுப் படையில் பாதி
சிவநேசனின் பையில், மேடவாக்கத்திலிருந்து
வந்துகொண்டே இருந்தது.
"பாதையைத் திருப்பி விட்டுட்டாங்க,
எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல."
பூங்கோதை சமையலறைக்குப் போனாள்.
நூறு புளியங்கொட்டை, மூன்று வரிசை.
கேரம் காய்கள் பீரங்கி.
சிவப்புக் காய் வெடிமருந்து வண்டி.
மூன்றேகாலுக்கு அவன் வியர்த்து நுழைந்தபோது
கொட்டைகள் ஒரு மேட்டைப் பிடித்திருந்தன.
எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.
நீலக் கோட்டுகள்
பைக்குள்ளேயே பஞ்சில் கிடந்தன.

நாலே இருபதுக்கு முதல் சுற்று.
இரண்டாம் சுற்றில்
என் வலது அணி ஓடையைத் தாண்டி
(இல்லாத ஓடைக்கு அரை நகர்வு கழித்து)
கொட்டைகளின் பக்கவாட்டில் திரும்பியபோது
தெருவில் ஹாரன்.
தண்ணி லாரி.

பதினொரு குடம், ஐந்து பேர்.
அதே படி வளைவில்
ஏறும் பிரான்சுக்கு இங்கிலாந்து ஒதுங்கி நின்றது.
இடுப்பில் குடம் தளும்ப
ஹபீபுல்லா சொன்னான்:
"என் குதிரைங்க இன்னும் நகரவே இல்ல."

திரும்பி வந்தபோது
யாருடைய முறை என்பது மறந்துபோயிருந்தது.
எல்லோருக்கும் அவரவர் முறை என்றே ஞாபகம்.
ஈரக் கையோடு ஒரு கேப்டனைத் தூக்கினேன்.
கோட்டு என் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது.

பகடையைக் காணோம்.
குனிந்து, தவழ்ந்து,
குளியலறை வாசலில் கண்டெடுத்தான் டெரன்ஸ்.
ஆறு காட்டிக்கொண்டிருந்தது.

"செல்லாது," என்றாள் பூங்கோதை.
"யார் போட்டது?" என்றேன்.